பேத்தி பிறக்குமுன் ஊர் திரும்பியவர் பொருட்டு

அனுப்புநர்
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி ஓய்வுபெற்றவர்,
மாடி வீடு, தபால் நிலையத்துக்குப் பின் தெரு.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
காப்பீட்டுக் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு – நோயாளியை ஊருக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு என்பதை விற்கும்போது வாய்விட்டுச் சொல்லாதது – இனிச் சொல்ல ஆணையிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் பாலிசி வாங்கிய நிறுவனம் எனக்கு எந்தப் பாக்கியும் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைச் செலவு முழுவதையும் அவர்களே கட்டினார்கள். நிறுவனத்தின் பெயரும் பாலிசி விவரமும் இணைப்பில் உள்ளன. என் குறை வேறு. தங்கள் மேசைக்கு வரும் மற்ற மனுக்களைப் போல இது சுருக்கமாக இராது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நானும் என் மனைவியும் சேர்ந்துதான் பயிற்சிப் பள்ளி நடத்தினோம். ஆண்களுக்கு நான் கற்றுக்கொடுத்தேன், பெண்களுக்கு அவர். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் அதன்மேல் காலை வைத்தபடியே விறைத்து உட்கார்ந்திருப்பேன். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டு, மாணவியிடம் அவள் மாமியார் கதையைக் கேட்டுக்கொண்டே வருவார். கண்டித்தால், “நீங்க காலை வச்சுக்கிட்டே இருந்தா அவங்க எப்பங்க கத்துக்கிறது?” என்பார். இன்றைக்கும் கடைத்தெருவில் என் பழைய மாணவர்கள் “பிரேக் சார்” என்று தூரத்தில் நின்றே கும்பிடுகிறார்கள். அவருடைய மாணவிகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

2. எங்கள் ஒரே மகள் வெளிநாட்டில் குடியிருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு இருவரும் போவதென்று முடிவானதும், மருத்துவக் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கியது. எடுத்தே தீரவேண்டும் என்றேன் நான். தேவையில்லை என்றார் அவர். அதற்கு அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. கல்யாணமான புதிதில் நாங்கள் பக்கத்து நாட்டுக்குப் பேருந்தில் போயிருக்கிறோம். அப்போது காப்பீடு என்ற சொல்லையே யாரும் எங்களிடம் சொன்னதில்லை. வழியில் எதையோ வாங்கித் தின்று அவர் சுருண்டு படுத்துவிட, தங்கியிருந்த விடுதிக்காரரின் மனைவி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் நாங்கள் புறப்பட்ட காலையில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அம்மாவை நினைத்துத்தான், “அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க?” என்று என்னைக் கேட்டார். “மனுஷங்களும் இருக்காங்க, ஆஸ்பத்திரி பில்லும் இருக்கு” என்றேன். காய்கறி நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் இந்த வழக்கு நடந்தது. இப்போது நினைத்தால், எங்கள் சமையலறையில் கடைசியாக நிறையச் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான்.

3. முடிவில் என் பிடிவாதத்துக்காக அவரும் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வந்தார். விற்பனை அலுவலர் மரியாதையானவர். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நாங்க பார்த்துக்குவோம் சார், கவலையே படாதீங்க” என்றார். அப்போது என் மனைவி ஒரு கேள்வி கேட்டார்: “பார்த்துக்கிறதுன்னா, எங்க வச்சுப் பார்த்துப்பீங்க?” அலுவலர் சிரித்துவிட்டு, “நல்ல ஆஸ்பத்திரியிலதாம்மா” என்றார். இந்தக் கேள்வியைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். வாடிக்கையாளர் கேட்டார்; சரியான பதில் கிடைக்கவில்லை.

4. மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சில வாரங்கள் நன்றாகவே இருந்தோம். பிறக்கப்போகும் குழந்தைக்காகப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் துண்டுகளாக மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் அவருக்கு நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அந்த நாட்டு உரிமம் என்னிடம் இல்லை. நிறைமாத வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க மகள்தான் வண்டியை ஓட்டினாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து இருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “திரும்பறியே, இண்டிகேட்டர் போட்டியா?” என்று கேட்டார். மருத்துவமனையில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார். அந்தச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ததற்கு நிறுவனத்துக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

5. அவர் எழுந்து வராந்தாவில் நடக்கத் தொடங்கியதும் நிறுவனத்தின் உதவி மையத்திலிருந்து தொலைபேசி வந்தது. “மேடம் பயணம் பண்ற நிலைக்கு வந்துட்டாங்கன்னு எங்க டாக்டர் சொல்லிட்டார் சார். நர்ஸ் ஒருத்தர் கூட வருவாங்க. வியாழக்கிழமை ஃபிளைட்” என்றது ஒரு பெண் குரல். மகளுக்கு இன்றோ நாளையோ என்றிருக்கிறது, குழந்தை பிறக்கும்வரை இருந்துவிட்டு வருகிறோம் என்று கெஞ்சினேன். “புரியுது சார். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னா, அதுக்கு மேல ஆகற செலவு எங்க பொறுப்பு இல்ல. பாலிசியிலயே இருக்கு.” அந்தப் பெண்மீது குற்றமில்லை. எழுதிக்கொடுத்ததைப் படித்தார். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். இருந்தது, பொடி எழுத்தில்.

6. “இருங்க மாமா, வர்றதைப் பார்த்துக்கலாம்” என்றார் மாப்பிள்ளை. மகள் அழுதாள். நானும் இருந்துவிடலாம் என்றுதான் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, சீப்பு வாங்கித் தலையை வாரிக்கொண்டு, “கெளம்பலாங்க” என்றார். “மறுபடி எனக்கு ஏதாச்சும்னா, இதுங்க வீட்டை வித்துத்தான் கட்டணும். பொறக்கப்போற புள்ளைக்கு நான் அதையா குடுக்கறது?” விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, “நீ மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். திரும்பும்போது மகள் வண்டி ஓட்டக்கூடாது, மாப்பிள்ளைதான் ஓட்டவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.

7. நாங்கள் ஊர் திரும்பிய மறுவாரம் பேத்தி பிறந்தாள். சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த தொலைபேசியில் அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் அந்த டப்பாவின் முன்னால்தான் எங்கள் குடும்பம் கூடியது. குழந்தை கரண்டியால் திரையைத் தட்டும், இவர் இங்கிருந்து கரண்டியால் மேசையைத் தட்டிப் பதில் சொல்வார். மீண்டும் விமானம் ஏற இதய மருத்துவர் அனுமதிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகள் வருவதற்கு டிக்கெட் எடுத்திருந்தாள். அதற்குள் ஒரு மழைக்காலக் காலையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். இதற்கு யாரும் காரணமில்லை. அங்கேயே இருந்திருந்தாலும் ஆயுள் அவ்வளவுதான் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார்; நம்புகிறேன். ஆனால் அந்த ஆயுளில் ஒரே ஒரு நாளாவது பேத்தி அவர் மடியில் கிடந்திருப்பாள். இன்றைக்கும் நான் தொலைபேசியில் வந்தால் அந்தக் குழந்தை என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள்.

8. இப்போது நான் மட்டும் மகளிடம் போகிறேன். “இன்சூரன்ஸ் இல்லாம வராதீங்கப்பா” என்கிறாள் அவள். எடுப்பதா வேண்டாமா என்று இந்த முறை விவாதிக்க எதிரில் ஆளில்லை. என் கட்சியை நானே பேசி, அவர் கட்சியையும் நானே பேசிப் பார்த்தேன். அவர் குரலில் பேசும்போதெல்லாம் அவர்தான் ஜெயித்தார். கடைசியில் அதே அலுவலகத்துக்குப் போய், கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அந்தப் பிரிவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பாதியில் அந்தப் பெண்ணின் குரல் இறங்கிவிட்டது. “உங்களுக்கு இப்படி நடந்திருக்கா சார்?” என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய் மேலாளரை அழைத்து வந்தார். அச்சில் இருந்தால் போதும், வாயால் சொல்லவேண்டும் என்று விதி இல்லை என்றார் மேலாளர். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதனால்தான் விதி செய்யக்கூடிய தங்களுக்கு எழுதுகிறேன். காப்பீட்டை வாங்கிவிட்டேன். என் மனைவியைக் கிளம்பவைத்த காரணம்தான் என்னை வாங்கவைத்தது. பிள்ளைகள் தலையில் சுமை ஏறக்கூடாது.

ஆகவே, இத்தகைய காப்பீட்டை விற்கும் எவரும், உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு, மறுத்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்பதைப் பணம் வாங்குமுன் எளிய தமிழில் முகம் பார்த்துச் சொல்லவேண்டும் என ஆணையிடக் கோருகிறேன். அதைக் கேட்டபிறகும் மக்கள் வாங்குவார்கள், நானே வாங்கியிருக்கிறேனே. மேலும், பிரசவத்துக்கோ கடைசியாக ஒருவரைப் பார்ப்பதற்கோ போனவர்களுக்கு, அந்தக் காரியம் முடியும்வரை சில வாரங்கள் தவணை தர வழியுண்டா என்றும் தாங்கள் ஆராயவேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டால்கூட எங்களைப் போன்றவர்கள் தருவோம்.

அடுத்த மாதம் முதல் நான் மகள் வீட்டில் இருப்பேன். முகவரி இணைப்பில் உள்ளது. பதிலை அங்கே அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ஊர் திரும்பும் தேதி என் டிக்கெட்டில் இருக்கிறது. இடையில் என் உடம்புக்கு ஏதாவது வந்தால், நிறுவனம் அந்தத் தேதியை மாற்றுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஐயா என் மனு.

இடம்: என் வீட்டுச் சமையலறை மேசை
நாள்: மாதத்தின் முதல் திங்கட்கிழமை

தங்கள் கனிவான முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பழைய ஓட்டுநர் பயிற்சியாளர்

இணைப்பு: முந்தைய பாலிசியின் நகல், புதிய பாலிசியின் நகல், மகள் வீட்டு முகவரி.