நீ அனுப்பிய மூன்றாவது புத்தகம்

தேவாரம்,
தாது வருஷம் பங்குனி 5

ரங்கூனில் இருக்கும் அருமை மகன் சுருளிவேலுக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நானும் உன் ஆத்தாளும் தங்கை பஞ்சம்மாளும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். கடலைக்கு இந்த வருஷமும் விலை இல்லை, செவலைப் பசு கிடாரி போட்டிருக்கிறது. உன் கடிதமும் மூன்று புத்தகங்களும் ஒரே கட்டாக வந்து சேர்ந்தன. புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கும் பஞ்சம்மாளுக்கு மறுபடி தாலி கட்டினால் ஆபீஸ் சிநேகிதர்கள் முன் உனக்குத் தலைகுனிவு என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லுமுன் புத்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். அபிப்பிராயம் கேட்டவன் நீ, முப்பது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய நான் முகத்துக்காகப் புகழ மாட்டேன்.

துப்பறியும் கதையில் ஒற்றைக்கண் சமையல்காரன் வந்ததுமே கொலைகாரன் அவன்தான் என்று தெரிந்துவிட்டது. நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த உன் ஆத்தாள், "ஆளுதான் தெரிஞ்சு போச்சுல்ல, பெறகு எதுக்கு மிச்சத்தையும் வாசிக்கிறீக" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். சீமைப் பிரயாணப் புத்தகம் நன்றாக இருக்கிறது. கப்பலில் வாந்தி எடுத்ததைக்கூட ஆசிரியர் மறைக்கவில்லை, அதனால் மற்றதையும் நம்பினேன். மூன்றாவதில் ஓர் இளம் விதவை, தன்னைக் கேட்டு வந்தவனை மறுத்துவிட்டு, குலப்பெருமை காக்க நிலா வெளிச்சத்தில் மல்லிகைப் பந்தலோரக் கிணற்றில் விழுந்து சாகிறாள். நீ அதை எதற்கு அனுப்பினாய் என்று புரிந்தது. நடை நல்ல நடை, எனக்குக் கண் கலங்கியதும் உண்மை. ஆனால் சுருளிவேல், கிணற்றில் விழுந்த பெண்களைப் பற்றி நானும் செய்தி எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினேன். எங்கேயும் மல்லிகை வாசனை இருந்ததில்லை. கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள், பெருமை பேசியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பக்கத்து வீட்டு மாயக்காள் முடிவைக் கேட்டுவிட்டு, "ஏத்தா, அந்த ஊருல அறுத்துக் கட்டுற வழக்கமே இல்லையா, கேட்டு வந்தவன் என்ன நொண்டியா மொடமா" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். பஞ்சம்மாள் முறத்திலிருந்து தலை நிமிராமல், "எழுதுனவுகளுக்குத் தங்கச்சி இல்ல போல. அனுப்புன அண்ணனுக்கு ஒருத்தி இருக்கா" என்றாள். இந்தக் கல்யாணத்தை நடத்துவதென்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

நம் ஜனங்களில் இது புதிதும் அல்ல. உன் அத்தை ராக்கம்மாள் இரண்டாம் தாலியில்தான் பிள்ளை பெற்றாள், நீ சின்ன வயதில் அவள் மடியைவிட்டு இறங்க மாட்டாய். மாப்பிள்ளை பழனிசெட்டிபட்டி முத்துக்கருப்பன், தோட்டம் கிணறு உண்டு, குடிப்பதில்லை. சீட்டாட்டம் கொஞ்சம் உண்டு என்று விசாரித்ததில் தெரிந்தது, நேரில் கேட்டேன், ஒளிக்காமல் ஒப்புக்கொண்டான், விட்டுவிடுகிறேன் என்றான். பஞ்சம்மாளைத் தனியாக அழைத்துக் கேட்டேன், சம்மதம் என்று வாய்திறந்து சொன்னாள்.

வைகாசியில் கல்யாணம். லீவு கிடைத்தால் வா. குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே, மார்ச்சளியை அலட்சியம் செய்யாதே. சுருளி வேலப்பர் உனக்குத் துணை இருப்பார். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், கல்யாணச் சேலை உடன்பிறந்தவன் கொடுப்பது. நீ அனுப்பாவிட்டாலும் கல்யாணம் நடக்கும், அனுப்பினால் அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்காருவேன் என்கிறாள் பஞ்சம்மாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராக்கப்பன்