செல்லப்பன் வீட்டு நந்தியாவட்டை

ரோசம்மா,

"இந்தத் தெருவுல உனக்குத் தெரியாம இன்னா நடக்கும்? என் செடிகிட்ட யாரு வர்றதுன்னு சொல்லு" என்று வேலிக்கு அந்தப்பக்கம் செல்லப்பன் கத்தியதும், "செத்துப்போன உன் பொண்டாட்டி வந்து எல தொடைச்சா நான் இன்னா பண்றதுபா?" என்று நான் கத்தியதும் உன் காதில் விழுந்திருக்கும். தூங்குகிறவள்போலத்தானே கிடந்தாய்.

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன். அவன் பெண்டாட்டி லூர்தம்மாள் வைத்த நந்தியாவட்டைக்கு அவளைப்போலவே அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, இலையில் படியும் கடல்காற்றின் உப்பை விடியுமுன் துடைப்பது நீதான். மற்ற செடியெல்லாம் ஓரம் கருகிக் கிடக்க, அது மட்டும் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கினால் அவன் பயப்படாமல் என்ன செய்வான்? ஆசையைச் செடியிடம் சொன்னால் மனுசனுக்குக் கேட்குமா? இன்று சாயங்காலம் வண்டி கட்டிக்கொண்டு மடுகரைக்கே குடிபோகிறான்.

நான் பாகூர் சந்தைக்குப் போகிறேன். பானையில் கூழ் இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு உறியில். வெளியே போனால் சாவியை மாடத்தில் வை. அவன் கிளம்புமுன் போய், "நான்தான் துடைத்தேன்" என்று உன் வாயாலேயே சொல்லிவிடு.

அக்கா காசம்மாள்

மறந்துவிட்டேன். நீ காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்த நாட்களிலும் இலை துடைத்துத்தான் இருந்தது. நானே பார்த்தேன். அதை மட்டும் அவனிடம் சொல்லாதே.