நடிகர் முகத்தில் ஒட்டிய பூ

மேனகா அப்பாவுக்கு, புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலிருந்து வணக்கம். நான் வீட்டை விட்டு வந்ததிலிருந்து போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா?

அன்று கூடத்தில் இருந்தது நீங்கள், நான், மேனகா, அவள் பிள்ளை செம்மல், “இவனோடதான் ஆயா வாழப் போறேன்” என்று அவன் கூட்டி வந்த வினோத்குமார். மூன்று பொங்கல் ஆகியும் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது மறக்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நான் வேலை செய்யும் சோப்புக் கம்பெனியின் விளம்பரத்தில் வரும் நடிகர், ஆணும் ஆணும் கல்யாணம் செய்வது கடவுளுக்கு ஆகாத பாவம் என்று பக்திக் கூட்டத்தில் பேசிவிட்டார். கம்பெனி அவரை விலக்கிவிட்டது. மிச்சமிருக்கும் டப்பாக்களில் அவர் முகத்தின்மேல் மல்லிகைப்பூ ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் இந்த வாரம் எங்கள் வேலை.

“இன்னாக்கா, வாய் மேல மட்டும் இந்த அழுத்து அழுத்துறீங்க?” என்றாள் பக்கத்தில் ஒட்டும் கனீஸ் பாத்திமா.

“பூ பிரிஞ்சி வந்து அவரு திரும்பப் பேசிட்டாருன்னா?” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அந்த நடிகர் சொன்னதையேதான் அன்று நீங்களும் சொன்னீர்கள். “சாமி இருக்கிற வீடு, எழுந்து போங்கடா” என்றீர்கள். இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் இருவரும் போனார்கள்.

என் கண்ணாடியையும் கம்பளியையும் விருத்தாசலம் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். செம்மல் நம்பரைத் தர மேனகா உங்களுக்குப் பயப்படுகிறாள். தரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் பேச ஆளில்லை.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. உங்களைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். பிள்ளை வாசலில் திரும்பிப் பார்த்தபோது, சாம்பார் கரண்டியோடு வாய் திறக்காமல் நின்றவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு அவளேதான்,
கொளஞ்சி