கல்வெட்டில் ஏறாத தொழில்

இன்று படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துச் சலவை அறைக்கு இறங்கினேன். கதவைத் திறந்ததும் ஈரச் சுவரும் சலவைத் தூளும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் நாம் இருவரும் வளர்ந்த இந்த அடுக்குமாடியில், நம் இருவரில் இனி நான் மட்டும்தான் உடுப்புத் தோய்க்கப்போகிறேன் என்று நினைத்தபோது உன்மேல் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பது அலுப்பு.

இங்கேதானே நீ பாடப் பழகினாய். சனிக்கிழமைச் சங்கீத வகுப்புப் பாட்டென்றால் வீட்டில் தடையில்லை. இளைஞர் மன்றத்திலிருந்து நீ கொண்டுவந்த, சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாட்டுத்தான் சிக்கல். இழுத்து இழுத்து நெஞ்சைப் பிசைகிற அந்தப் பாட்டு உன் அம்மாவின் காதுக்கு ஒப்பாரி. "விளக்கு வைக்கிற நேரத்திலை வீட்டுக்குள்ளை அழுது பாடாதை, தரித்திரம் பிடிக்கும்" என்று துரத்துவார். நீ உடுப்புக் கூடையைச் சாட்டாக வைத்துக் கீழே வருவாய். பின்னால் நான், என் சின்னக் கீபோர்ட்டோடு. இயந்திரம் இரைகிற சுருதியைப் பிடித்து நீ பாட, மேல்மாடி நோர்வேக் கிழவி தன் உடுப்பை எடுத்த பிறகும் போகாமல் நின்று கேட்பாள். உங்கள் வீட்டு உடுப்பைப் போல அடிக்கடி தோய்க்கப்பட்ட உடுப்பு இந்தக் கட்டடத்திலேயே இருந்திருக்காது.

உன் மெட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம் நீ எதையாவது சொல்லிச் சமாளித்தாய். எனக்குத்தான் தெரியும். உன் அம்மா யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கத்துவார். "ஓம்... ஓமோம்... இஞ்சை சரியான குளிர்... கேக்குதோ? கேக்குதோ?" அந்தக் குரல் ஏறி இறங்குவதை நீ நடையில் நின்று பிடித்துக்கொள்வாய். முதலில் அம்மாவின் தமிழிலேயே பாடிப் பார்ப்பாய். ஆங்கிலமும் நோர்வே மொழியும் பிறகுதான் அதன்மேல் வந்து உட்காரும். ஒரு பாட்டில் மட்டும் 'கேக்குதோ'வை எடுக்காமல் விட்டாய். கோடை விழாக்களில் மழைச்சட்டை போட்ட சனம் கையை உயர்த்தி அதையே திருப்பிக் கத்தியது. "இவையளுக்கு என்னெண்டு விளங்குது?" என்று கேட்டேன். "விளங்கத் தேவையில்லையடி, கத்தினாச் சரி" என்றாய்.

பொறியியல் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டாய். முதல் இசைத்தட்டு வந்தது, பிறகு அடுத்தது. நீ பாட, நான் கீபோர்ட் வாசிக்க, பேர்கனுக்கும் துரொன்ஹைமுக்கும் மலை கடந்து வான் வண்டியில் அலைந்தோம். நோர்வேக்காரருக்கு நீ எப்போதும் அகதியின் மகள். எங்கள் ஆட்களுக்கோ சினிமாப் பாட்டுப் பாடத் தெரியாத பிள்ளை. ஒரு கலைவிழாவில் நடனங்களுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் உனக்கு இடம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? நீ கண்ணை மூடி உன் சொந்தப் பாட்டைப் பாட, பாதிச் சனம் புரியாணி வரிசையில் நின்றது. அறிவிப்பாளர் மைக்கிலேயே சொன்னார்: "தங்கச்சி, சாப்பாடு ஆறப்போகுது, கெதியா முடியுங்கோ." திரும்பி வரும்போது ரயிலில் குரோருட் நிலையம் வரைக்கும் சிரித்தாய். அதற்குப் பிறகு வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாய்.

அறிவிப்பாளர் சொன்னது அன்றோடு போயிற்று. உன் அப்பா சொல்லாததுதான் உன்னைத் தின்றது. பஸ் ஓட்டிக் குடும்பத்தைக் காத்த மனிதர். யார் கேட்டாலும் "மகள் இஞ்சினியரிங் படிக்கிறாள்" என்றார். பிறகு "முடிச்சிட்டாள்" என்றார். பிறகு ஒரு கொம்பனியில் உனக்கு வேலையும் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். நீ அதை முகத்துக்கு நேரே மறுத்ததே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச மூச்சுப் போதாத நாளில்தான் சொன்னாய்: "அவர் ஒருக்கா, ஒரேயொருக்கா, ஆருக்காவது உண்மையைச் சொன்னாப் போதுமடி." அவர் வெளியே நடையில் நின்று ஒரு சொந்தக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நீ போகும்வரை சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்குக்குக் கல்வெட்டு அடித்தார்கள். உன் வாழ்க்கைக் குறிப்பும், ஒவ்வோர் உறவின் பேரிலும் ஒரு புலம்பல் பாட்டுமாக, வழக்கமான அதே சின்னப் புத்தகம். பாட்டுகளை யாழ்ப்பாணத்தில் ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். உன்னைத் தெரியாததால் உன்னை மயிலாகவும் குயிலாகவும் ஆக்கியிருந்தார். அச்சுக்குப் போகமுன் பிழை பார்க்க எனக்கு அனுப்பினார்கள். குறிப்பில் 'பொறியியற் பட்டதாரி' என்று இருந்தது. இசைத்தட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அங்கிள், அவள் பாடினதைப் பற்றி ஒண்டுமே இல்லையே?"

"பிள்ளை, நீங்கள் எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ."

நானும் விடவில்லை, குரலை உயர்த்தினேன். அவர் வைத்துவிட்டார். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

முப்பத்தோராம் நாளன்று குரோருட்டில் மண்டபம் நிறைந்திருந்தது. கல்வெட்டு வாசிக்கத் தொடங்கமுன், அப்பாவோடு பஸ் ஓட்டிய ஒரு நோர்வேக்காரர் உன் இசைத்தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து, "மகள் இல்லாததால் நீயாவது இதில் கையெழுத்துப் போட்டுத் தா" என்று கேட்டார். அப்பா விழித்தார். பஸ் டிப்போ ஓய்வறை வானொலியில் உன் பாட்டுப் போகும்போதெல்லாம் அப்பா தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாராம். அது யார் மகள் என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியுமாம். "நீ சொல்லவில்லை, அதனால் நாங்களும் கேட்கவில்லை" என்று அப்பாவிடம் சொன்னார் அந்த மனிதர். அப்பா பேனாவை வாங்கி, அட்டையில் உன் முகத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

பிறகு உன் மாமா, அம்மாவின் தம்பி, மைக்கைப் பிடித்து இராகம் போட்டு வாசிக்கத் தொடங்கினார். பிறந்த ஊர், வந்த நாடு, படித்த பள்ளி. 'பொறியியற் பட்டதாரியாகி' என்ற இடத்தில் முன்வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நிப்பாட்டு தம்பி. அது இல்லை."

மாமா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதிலை அப்பிடித்தானே கிடக்கு, அத்தான்?"

"கிடக்கட்டும். பிள்ளை படிப்பை விட்டவள். பாடித்தான் சீவிச்சவள். அதைச் சொல்லு."

"அச்சிலை இல்லாததை எப்பிடி வாசிக்கிறது?"

"வாயாலை சொல்லு!"

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். மாமா தொண்டையைச் செருமி, இராகம் இல்லாமல், "மகள் பாடித்தான் சீவிச்சவள்" என்று மைக்கில் சொன்னார். பின்வரிசையில் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை. மாமா மயிலுக்கும் குயிலுக்கும் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு கல்வெட்டோடு சனம் கலைந்தது. ஒஸ்லோவில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் நீ இப்போது பொறியியற் பட்டதாரி. அந்தப் புத்தகங்களை இனி யாரும் திருத்தப்போவதில்லை. எனக்கும் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லித் திரிகிற வயதில்லை. இவ்வளவு சின்ன ஒன்றை உனக்குக் கொடுக்க அவருக்கு இவ்வளவு காலம் எடுத்ததே என்று இப்போதும் வயிறெரிகிறது. ஆனாலும் அவர் சொன்னார். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், தன் வாயால் சொன்னார். நீ கேட்க ஆசைப்பட்டதை, உனக்குப் பதிலாக நான் கேட்டு வைத்திருக்கிறேன்.