தே ஓ புட்டி

மார்ச் 11, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்த கையோடு, ஒரு தாய் ஒன்றரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பையன் வெளிறிப் போயிருந்தான். ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது இதயத்துடிப்போடு ஒரு முணுமுணுப்பு கேட்டது. குழந்தை மருத்துவப் பயிற்சியில் ஆறு மாதம் இதயப் பிரிவிலேயே இருந்தவள் நான். உடனே பினாங்கு இதய மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். இதயக் கோளாறாக இருக்கலாம் என்றதும் தாய் அழுதுவிட்டார்.

நர்ஸ் ரீத்தா அக்கா பையனின் பால் புட்டியைக் கையில் எடுத்தார்.

"இதுல என்னம்மா ஊத்திருக்க?"

"தே ஓ, மிஸ்ஸி. சோறே வேணாங்கிறான். நாள் முழுக்க இதான்."

பாலில்லாத அந்தத் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ரத்தசோகையிலும் இதயம் முணுமுணுக்கும். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

"அப்ப நெஞ்சுல ஒன்னும் இல்லயா டாக்டர்?" என்றார் ரீத்தா அக்கா.

"இரும்பு மருந்துல ரத்தம் ஏறட்டும்கா, மறுபடி கேட்டுப் பாக்குறேன்."

கடிதத்தைக் கிழித்தேன். புட்டியைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லையே.

சிறப்புப் பிரிவு மேற்பயிற்சிக்கான படிவத்தை நாளை கொடுக்க வேண்டும். 'இதயம்' கட்டத்தில் போட்டிருந்த டிக்கை அழித்துவிட்டேன். பொதுக் குழந்தை மருத்துவத்துக்கு அதில் கட்டமே இல்லை. ஓரத்தில் நானே ஒன்று வரைந்தேன். அதில் டிக் போடத்தான் இன்னும் கை வரவில்லை.