பதுக்காத ராசாக்கள்

வெள்ளிக்கிழமை இரவு, இணுவில்

நித்திரை வரவில்லை.

எங்கள் குடும்பத்து ஒன்லைன் போக்கர் போட்டி. காசில்லை, வெறும் காய்கள்தான். கடைசியில் மிஞ்சியது நானும், ரொறன்ரோவில் இருக்கும் என் மனைவி வசந்தியின் தம்பி ரவியும். கடதாசிச் சீட்டில் எனக்கு இரண்டு ராசா விழுந்தது. திரையில் இருவருக்கும் பொதுவாக விரித்த மூன்று கடதாசியில் இன்னொரு ராசா! கூடவே இரண்டு ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட கடதாசி.

முந்நூற்றிநாலு என்ற எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த கை இது. துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தே பழகிவிட்டது. போன வெள்ளியும் மூன்று ஏழுகளை அப்படித்தான் பதுக்கினேன். நான் பந்தயம் கட்டாததால் ரவி சும்மா இருந்தே அடுத்த கடதாசிகளைப் பார்த்தான். ஐந்து ஆட்டின் சேர்த்து என்னை அடித்துவிட்டான்.

இன்று விடவில்லை. உடனே பாதிக் காய்களைத் தள்ளினேன்.

வாசலில் அர்ச்சனைத் தட்டோடு வசந்தி. "பூசை தொடங்கப்போகுது, வாறியளோ?"

"ஓம் வசந்தி, வாறன்" என்றேன், எழும்பாமல்.

கைபேசியில் ரவி சிரித்தான். "அத்தான், நல்ல கடதாசி எண்டால் நீங்கள் பதுங்கிற ஆள். உது வெறும் வெருட்டு!"

தன்னிடம் இருந்த காய் முழுவதையும் வைத்தான். நானும் ஈடாக வைத்தேன். அவனிடம் ஒரு சோடி ஆஸ்தான்; என் மூன்று ராசாவுக்கு அது காணாது. மிச்சக் கடதாசிகள் அவனுக்கு உதவவில்லை.

நான் போட்ட கூச்சலில் வசந்தியின் தட்டிலிருந்த தேங்காய் வெளிவாசல் படலைவரை உருண்டது.

"இனி நீங்கள் கட்டினால் நம்புவன் அத்தான். கடதாசியை வைச்சிட்டு ஒதுங்கிடுவன்" என்றான் ரவி.

அதுதான் நித்திரை வரவில்லை. அடுத்த வெள்ளி கையில் ஒன்றுமே இல்லாமல் கட்டப்போகிறேன்.