அழித்தவர் அவர், மன்னிப்பு நான் கேட்கணுமாம்

ஓசூர்
14.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி சுப்ரியா எழுதுவது. அத்தையும் நானும் சுகம். போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீங்களும் சரி விடு என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் ஜெர்மனிக்குத் தபால்.

நம் ஆபீஸ் செய்யும் எல்லா வெப்சைட்டுக்கும் நிறம், எழுத்து, கட்டம் எல்லாம் அந்தப் பொது ஸ்டைல் ஃபைலிலிருந்துதான் போகிறது. ஆளாளுக்கு அடியில் நாலு வரி சேர்த்துச் சேர்த்து அதைக் குப்பையாக்கி வைத்திருந்தார்கள். ஒழுங்குபடுத்து என்று போகும்போது சொன்னது நீங்கள்தான். நிறத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, பட்டனுக்கு ஒன்று என்று பிரித்தேன். நீங்கள் எழுதிய அடிப்படை ஃபைலில் மட்டும் ஒரு புள்ளிகூட மாற்றாமல் தனியாக வைத்தேன். எல்லா சைட்டும் சரியாக ஓடியது.

புது மேனேஜர் கோவிந்தப்பன் தொழிற்சாலை ஸ்டோர்ஸிலிருந்து வந்தவர் இல்லையா? அங்கே ஃபைவ் எஸ் என்று, ஒரு வருஷம் யாரும் தொடாத சாமானுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வெளியே தள்ளுவார்களாம். போன வெள்ளிக்கிழமை நம் ஃபைல்களுக்கும் அதையே செய்தார். உங்கள் ஃபைல் இரண்டு வருஷமாக மாறவில்லை, அதனால் அழித்துவிட்டார். சரியாக இருப்பதை யாராவது மாற்றுவார்களா? குப்பையெல்லாம் எடுத்தாச்சு என்று அவர் பெருமையடிக்க, என்னோடு வேலை செய்யும் பூபதி கைதட்டினான்.

திங்கட்கிழமை எல்லா சைட்டும் அலங்கோலம். நம் கஸ்டமர் குருபரப்பள்ளி கிரானைட்காரர் போனில் கத்தினார். பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டு நான்தான் சரிசெய்தேன். ஆனால் மீட்டிங்கில் மனுஷன் கூசாமல், சுப்ரியா ஃபைலைப் பிரித்ததால் வந்த வினை என்கிறார். நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் ஸ்டைல் ஃபைல் வேலையைப் பூபதியிடம் கொடுத்துவிடுவாராம்.

அத்தையிடம் சொன்னேன். அந்தாள எங்கிட்ட கூட்டிட்டு வா, நான் கேக்கறேன் என்கிறார். கெலவரப்பள்ளி அணை வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், தக்காளி நாற்று நட ஆள் கிடைக்காத கோபம் வேறு அவருக்கு.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். நேற்று கோவிந்தப்பன் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரர்கிட்டயே பேசிட்டேன், எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாக்கச் சொல்றாரும்மா என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நீங்கள் அங்கே ஆபீஸ் வேலையில் இன்னும் ஆறு மாதம் இருப்பது அவர் கையில்தான் என்று எனக்கும் தெரியும். அதற்காக அந்த ஃபைலை எழுதிய நீங்களே இப்படிச் சொல்லலாமா?

நடந்ததை நடந்தபடி அவருக்கு ஒரு மெயில் போடுங்கள். முடியாதென்றால், முடியாது என்று எனக்காவது நேராக எழுதுங்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன், நீங்கள் சொன்னாலும்.

குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள், என் பக்கமாகவும் இருங்கள்.

கோபம் குறையாத
சுப்ரியா